உருளைக்கிழங்கு மேற்றிராணியார்

பிரெஞ்சு தேசத்தின் மேற்குக் கோடியில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பிரதேசம் பிரிட்டனி. அங்கே லெயோன் மேற்றிராசனத்துக்கு 1772-இல் ஒரு புது மேற்றிராணியார் வந்தார். பெயர் ழான் பிரான்சுவா த லா மார்ஷ். இளமையில் பட்டாளத்தில் இருந்தவர். 1746-இல் இத்தாலியில் பியாசென்ஸா யுத்தத்தில் போரிட்டவர். குருப்பட்டம் பெற்றதெல்லாம் பிறகுதான். பிரபு வம்சத்தார், ஆயினும் குடியானவனின் வயிற்றை நினைத்தார். தானியம் பொய்த்தால் பட்டினி என்றிருந்த ஜனங்களை உருளைக்கிழங்கு பயிரிடச் செய்தார். அவர்களோ அவருக்கு 'உருளைக்கிழங்கு மேற்றிராணியார்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பரிகாசமா, பிரியமா? இரண்டும்தான் என்று எனக்குப் படுகிறது.

புரட்சி வந்தது. 1790-இல் செய்த சட்டம் மேற்றிராசனங்களை 83 ஆகக் குறைத்தது. லெயோன் ஒழிந்தது. குருமார்கள் அந்தச் சட்டத்துக்குப் பிரமாணம் செய்யவேண்டும் என்றார்கள். பாப்பரசரைக் கேளாமல் திருச்சபையைக் கலைத்துக் கட்டச் சட்டசபைக்கு என்ன அதிகாரம் என்பது லா மார்ஷின் கட்சி. 1791-இல், அறுபதைத் தாண்டிய வயதில், ரோஸ்காப் துறைமுகத்தில் கள்ளக்கடத்தல் படகொன்றில் ஏறி இங்கிலாந்துக்குத் தப்பினார்.

போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள்! கத்தோலிக்கர்களுக்குச் சற்றே சலுகை காட்டியதற்காக 1780-இல் கலகம் செய்து, அவர்களுடைய கோயில்களைக் கொளுத்திய நகரம் லண்டன். அந்த நகரத்துக்குத்தான் 1792-இல், பிரமாணம் செய்யாதவர்கள் நாட்டை விட்டு வெளியேறவேண்டும் என்ற உத்தரவுக்குப் பிறகு, பிரெஞ்சுக் குருமார்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள். எட்மண்ட் பர்க் அவர்களுக்காகப் பேனா பிடித்தார். புராட்டஸ்டண்டுகள் சந்தா திரட்டினார்கள். பின்னால் சர்க்காரே பணம் தந்தது. ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை 1796-இல் இவர்களுக்கென்று லத்தீன் புதிய ஏற்பாட்டை அச்சிட்டது. மதத் துவேஷம் அவ்வளவு சுலபமாக இளகும் என்று நான் ஒரு கதையில் எழுதினால் யார் நம்புவார்கள்?

இந்த உதவிக்கெல்லாம் வாசல் லா மார்ஷ். யார் உண்மையான குரு, யார் வேஷக்காரன், யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற ஜாபிதா அவர் கையில் இருந்தது. டாரதி சில்பர்ன் என்ற விதவை தம் வீட்டிலேயே அவருக்கு இடம் கொடுத்தாள். உடுப்பு இல்லாதவனும் நோயாளியும் அந்த வீட்டுப் படியைத்தான் ஏறினார்கள்.

பெரிய சோதனை இனிமேல்தான். 1801-இல் நெப்போலியனுடன் உடன்படிக்கை செய்துகொண்ட பாப்பரசர் ஏழாம் பத்திநாதர், பழைய மேற்றிராணிமார் எல்லோரும் ராஜிநாமாச் செய்யவேண்டுமென்று கேட்டார். லா மார்ஷ் மறுத்தார். எந்தப் பாப்பரசரின் உரிமைக்காக ஊரை விட்டாரோ, அதே பீடத்தின் சொல்லைத்தான் மறுத்தார்! பிடிவாதம்தான். ஆனால் பத்து வருஷம் அன்னிய மண்ணில் உட்கார்ந்து கட்டிக்காத்த ஒரே பொருள் அந்தப் பதவி. அதையும் கொடு என்றால் கிழவர் என்ன செய்வார்?

1806-இல் லண்டனில் காலமானார். நெப்போலியன் வீழ்ந்தபின் டாரதி கடல் கடந்து, அவர் படகேறிய ரோஸ்காப்புக்கே குடிபோய், 1820-இல் அங்கேயே இறந்தாள். லா மார்ஷின் எலும்புகள் ஊர் திரும்ப 1866 ஆயிற்று. லெயோனின் பழைய பேராலயத்தில் அவற்றை வைத்தார்கள். அதற்கென்று தனி மேற்றிராணியார் அப்போதும் இல்லை.