துப்பாக்கி பெட்டியில் இருந்தது

1941 மே 20, காலை நேரம். கிரேக்கத்தின் கிரீட் தீவில், மாலேமே விமானதளத்தைச் சுற்றியிருந்த ஆலிவ் தோப்புகளில் பதுங்கியிருந்த நியூசிலாந்து வீரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஜெர்மனியின் யுங்கர்ஸ் விமானங்கள் தாழப் பறந்து வந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் பன்னிரண்டு பதின்மூன்று பேர் தலைகுப்புறப் பாய்ந்தார்கள். வானமெங்கும் பாராசூட்டுகள்.

தரையிலிருந்து பார்க்கப் பிரமிப்பான காட்சிதான். தொங்கிக்கொண்டிருந்தவர்களின் பாடு வேறு. ஜெர்மன் பாராசூட்டின் கயிறு முதுகுப்புறம் இணைக்கப்பட்டிருந்தது. கையால் பிடித்துத் திசை திருப்ப வழியில்லை. காற்று இழுத்த பக்கம் போக வேண்டியதுதான். தரையில் மோதி உருள வேண்டும் என்பதால் பெரும்பாலானவர்களிடம் ரைஃபிள் கிடையாது. இடுப்பில் கைத்துப்பாக்கி, சில கையெறி குண்டுகள், கயிறு சிக்கினால் அறுக்க ஒரு கத்தி, அவ்வளவே. ரைஃபிள்களும் இயந்திரத் துப்பாக்கிகளும் தனிப் பெட்டிகளில், தனிப் பாராசூட்டுகளில் இறங்கின. பெட்டி ஐம்பதடி தள்ளி விழுந்தாலும், குண்டு மழைக்கு நடுவே அந்த ஐம்பதடியை ஓடிக் கடக்க வேண்டும். பெட்டியைத் தொடுவதற்குள் உயிர்விட்டவர்கள் ஏராளம். மாலேமேக்குக் கிழக்கே குதித்த ஒரு பட்டாலியனில் சுமார் 600 பேரில் ஏறக்குறைய 400 பேர் மாண்டார்கள். அதன் தளபதியும் தப்பவில்லை.

ஊர்மக்களும் கைகட்டி நிற்கவில்லை. அரிவாள், கோடரி, பழைய வேட்டைத் துப்பாக்கி என்று அகப்பட்டதை எடுத்துக்கொண்டு முதியவர்களும் பெண்களும்கூட எதிர்த்து நின்றார்கள்.

அன்று இரவு வெற்றி காவல் காத்தவர்களின் கையில்தான் இருந்தது. ஆனால் விமானதளத்தை ஒட்டிய 107ஆம் குன்றில் இருந்த நியூசிலாந்துத் தளபதி லெஸ்லி ஆண்ட்ரூவுக்குத் தம் முன்னணிக் கம்பெனிகளோடு தொடர்பு அறுந்துவிட்டது. அவர்கள் அழிந்துபோனார்கள் என்று எண்ணி, எஞ்சிய படையோடு இருட்டில் குன்றைவிட்டு விலகினார். விடிந்தபோது குன்று ஜெர்மானியர் வசம். 21ஆம் தேதி, பீரங்கிக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையிலேயே விமானங்கள் வந்து இறங்கின. அவற்றிலிருந்து ஜெர்மானிய மலைப்படை வெளியே ஓடி வந்தது. ஜூன் 1ஆம் தேதி தீவு வீழ்ந்தது.

பாராசூட் வீரனின் பலமும் பலவீனமும் இதுதான். அவன் கதவைத் திறந்து கொடுக்கலாம். பின்னாலேயே ஆளும் ஆயுதமும் வந்தால்தான் அவன் பிழைப்பான்.

இறந்தவர்களும் காணாமல்போனவர்களுமாகக் கிரீட்டில் ஜெர்மனி சுமார் 4,000 பேரை இழந்தது. பாராசூட் படையின் காலம் முடிந்தது என்று அதன் தளபதி கர்ட் ஸ்டூடன்ட்டிடமே சொல்லிவிட்டார் ஹிட்லர். இத்தனை பெரிய வான்வழித் தாக்குதலை ஜெர்மனி அதன்பின் நடத்தவேயில்லை.

அந்த இழப்புக்கு ஜெர்மானியர் ஊர்மக்கள் மீது பழி தீர்த்துக்கொண்டார்கள். ஜூன் 2ஆம் தேதி கொண்டோமாரி கிராமத்து ஆண்களை ஆலிவ் தோப்பில் நிறுத்திச் சுட்டார்கள். மறுநாள் கந்தானோஸ் என்ற ஊரையே தரைமட்டமாக்கினார்கள். கிரீட் போரைப் பேசும்போது, ஆகாயத்திலிருந்து குதித்தவர்களின் துணிச்சலோடு, அரிவாளோடு வீட்டுவாசலில் நின்றவர்களின் துணிச்சலையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஹிட்லர் கைவிட்ட போர்முறையைப் பிரிட்டனும் அமெரிக்காவும் கையில் எடுத்தன. துப்பாக்கியை உடம்போடு கட்டிக்கொண்டு இருட்டில் குதித்த அந்த வீரர்களின் கதை, நார்மண்டியில், அடுத்த வாரம்.

(தொடரும்)