வாட்டம் எடுக்கும் இடம்: கலவைத் தளமும் பசைத் தளமும்

குளியலறைத் தரையில் டைல்ஸ் போட நம் ஊரில் இன்று இரண்டு வழிகள் புழங்குகின்றன. மணலும் சிமெண்டும் சேர்ந்த கலவையைப் பரப்பி, சிமெண்ட் பால் விட்டு, அதன்மேல் டைலை வைத்துத் தட்டுவது பழைய வழி. தரையை முன்பே மட்டம் பிடித்து ஆறவிட்டு, மூட்டையில் வரும் பசையைப் பல் கரண்டியால் இழுத்து ஒட்டுவது புதிய வழி. இந்தப் பசையைக் கொத்தனார்கள் ‘பேஸ்ட்’ என்பார்கள், ‘கம்’ என்பார்கள். இரண்டில் எது கெட்டியாகப் பிடிக்கும் என்றே வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். தண்ணீர் ஓடும் வாட்டத்தை எந்தக் கட்டத்தில் எடுப்பது என்பதை அதற்கு முன்னால் கேட்க வேண்டும். மற்ற வேறுபாடுகளில் பாதி அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

மாடி வீடுகளில் குளியலறைத் தளத்தைப் பக்கத்து அறைகளைவிடத் தாழ்த்தி வார்ப்பது வழக்கம். குந்தி உட்கார்ந்து பயன்படுத்தும் கழிப்பறை என்றால் அந்தப் பள்ளம் ஒரு அடி ஆழம்கூட இருக்கும். கான்கிரீட்டின்மேல் நீர்த்தடைப் பூச்சு, குழாய் நுழையும் துளைகளைச் சுற்றிச் சுருங்காத கிரௌட், சுவரும் தரையும் சேரும் மூலையில் உருட்டிவிட்ட கலவை, ஒரு நாளாவது தண்ணீர் தேக்கிக் கசிவு பார்ப்பது, பிறகு செங்கல் ஜல்லியும் கலவையும் போட்டுப் பள்ளத்தை நிரப்புவது. இதுவரை இரண்டு வழிக்கும் வேலை ஒன்றுதான். இதில் ஏமாந்தால் மேலே எதைப் போட்டு ஒட்டினாலும் கீழ்வீட்டுக் கூரை நனையும்.

பிரிவு அதற்குப் பிறகு வருகிறது. கலவை முறையில் கீழே இருக்கும் நிரப்பு மேடுபள்ளமாக இருந்தாலும் பாதகமில்லை. ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கிலிருந்து ஆறு பங்கு மணல் என்று கலந்து, 20 முதல் 40 மி.மீ. கனத்துக்குப் பரப்பி, நூல் பிடித்து, ஒவ்வொரு டைலாக ரப்பர் சுத்தியால் தட்டி இறக்குவார் கொத்தனார். குளியலறைக்கு மீட்டருக்கு 10 மி.மீ. இறக்கமாவது வேண்டும், எட்டடி நீள அறையில் வாசலுக்கும் எதிர்மூலையில் தண்ணீர் வெளியேறும் டிராப்புக்கும் இடையே அது 24 மி.மீ. ஆகிறது. இந்த 24 மி.மீ. முழுவதையும் டைல் போடுகிற அந்த நேரத்தில், கை அழுத்தத்திலேயே கொண்டுவந்துவிட முடிகிறது. கீழே வேலை செய்தவர் விட்ட பிழைகளையெல்லாம் கலவை விழுங்கிக்கொள்ளும். நல்ல கொத்தனார் கையில் இது பெரிய வசதி. சுமாரானவர் கையில் அதுவே சாக்காகிவிடும்.

பிடிமானத்தைப் பொறுத்தவரை விஷயம் டைலைச் சார்ந்தது. தரைக்கான சாதாரண செராமிக் டைல் தன் எடையில் 3 முதல் 6 சதவீதம் வரை நீரை உறிஞ்சும். அதனால்தான் அதைத் தண்ணீரில் ஊறவைத்துப் போடுகிறார்கள். சிமெண்ட் பாலும் அதன் நுண்துளைகளில் இறங்கிப் பிடிக்கிறது. விட்ரிஃபைட் டைலின் உறிஞ்சல் அரை சதவீதத்துக்கு மேல் போகாது. அதன் முதுகில் சிமெண்ட் பாலுக்குக் காலூன்ற இடமே இல்லை. அங்கே பாலிமர் கலந்த பசைக்கு மாற்று கிடையாது. பசைக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 15477; 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பசைகளை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறார்கள். கடைக்காரர் சொல்லும் பெயரைவிட மூட்டையில் அச்சிட்ட வகை எண்ணைப் பார்த்து வாங்குவது மேல்.

பிடிமானம் மட்டுமே கணக்கு என்றால் செராமிக் டைலுக்குக் கலவையே போதும், கட்டுரையையும் இங்கேயே முடித்துவிடலாம். தண்ணீர் அப்படி விடுவதில்லை. டைல் இடுக்கில் அடைக்கும் சாதாரண சிமெண்ட் கிரௌட் தண்ணீரைத் தடுக்காது, தாமதப்படுத்தும், அவ்வளவுதான். தினமும் நனையும் தரையில் அது வழியாக இறங்கும் நீர், கலவை முறையில் முதலில் அந்த 40 மி.மீ. படுகையில் ஊறுகிறது, பிறகு ஜல்லி நிரப்புக்குள் போகிறது. நீர்த்தடைப் பூச்சோ எல்லாவற்றுக்கும் அடியில், பள்ளத்தின் தரையில் கிடக்கிறது. டிராப்பின் வாய் மேலே இருப்பதால் உள்ளே சேர்ந்த நீருக்குப் போக்கிடம் இல்லை. கழுவிக் காயவிட்ட குளியலறையிலும் ஓத வாடை அடிப்பதற்கும், உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் புழங்கும் வீடுகளில் டைல் இடுக்குகளில் வெள்ளையாகப் பூப்பதற்கும் பெரும்பாலும் இந்த ஈரப் படுகைதான் காரணம். எடையும் உண்டு: 40 மி.மீ. கலவை ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 80 கிலோ.

பசை முறையில் வாட்டம், டைலுக்கு முன்பே நிரப்பின்மேல் போடும் அடித்தளப் பூச்சிலேயே வந்துவிடுகிறது. ஆகவே அந்தப் பூச்சின்மேல், டைலுக்கு நேர்கீழே, இரண்டாவது நீர்த்தடைப் பூச்சு ஒன்றைப் பூசிச் சுவரில் ஒரு அடி ஏற்றி, டிராப்பின் வாய்வரை இறக்கிவிடலாம். இடுக்கு வழியே இறங்கும் நீர் நாலைந்து மி.மீ. தாண்டியதும் சரிவில் விழுந்து டிராப்பை நோக்கி நகரும். பசை மூட்டைக்குக் கொடுக்கும் கூடுதல் காசு என்னைப் பொறுத்தவரை ஒட்டும் வலுவுக்கானதைவிட இந்த ஏற்பாட்டுக்கானது.

இதற்கு விலை, முன்வேலை. அடித்தளப் பூச்சை வாட்டத்தோடு போட்டு, ஒரு வாரமாவது தண்ணீர் காட்டி, பிறகு காயவிட வேண்டும். இரண்டு மீட்டர் மட்டப்பலகையைச் சரிவின் திசையிலேயே வைத்துப் பார்த்தால் அடியில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. வழவழவென்று சிமெண்ட் தூவித் தேய்த்துவிடும் பழக்கம் இங்கே கெடுதல். மேலே படியும் அந்தத் தோல் உரிந்தால் நீர்த்தடைப் பூச்சோடும் பசையோடும் சேர்ந்தே உரியும். சொரசொரப்பாக விட்டுத் தூசியைக் கூட்டியெடுக்க வேண்டும். வீட்டுக்காரர் கண்ணுக்கு இந்த நாட்களில் எதுவும் நடப்பதாகத் தெரியாது. கூலியோ டைல் போட்ட சதுர அடிக்குப் பேசப்படுகிறது. அப்புறம் யார் மெனக்கெடுவார்கள்?

விளைவு தெரிந்ததே. மட்டமில்லாத தரையில் டைலின் நான்கு மூலையிலும் நடுவிலும் பசையை உருண்டை உருண்டையாக வைத்து அழுத்திவிடுகிறார்கள். பசை வாங்கிய பணமும் போச்சு, கலவையின் நிறைவும் இல்லை. தட்டினால் ‘டொப்’பென்று கேட்கும், வாளி விழுந்தால் விரியும், உள்ளே தண்ணீர் தங்கும். ஈரமான இடங்களில் டைலின் முதுகில் 95 சதவீதம் பசை பட்டிருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. போட்ட சூட்டோடு ஒரு டைலைப் பெயர்த்துப் பார்த்தால் போதும், கணக்கு தெரிந்துவிடும். நம் வெயிலில் இழுத்துவிட்ட பசை இருபது நிமிடத்துக்குள்ளேயே ஆடை கட்டிவிடும். விரலில் ஒட்டாத பசை டைலிலும் ஒட்டாது.

கீழே பள்ளமோ வேறு வீடோ இல்லாத தரைத்தளக் குளியலறை, ஓரடிச் செராமிக் டைல், கைத்தேர்ச்சியுள்ள கொத்தனார் என்றால் கலவையே போடலாம். பசைக்குச் செலவழிக்க நான் சொல்ல மாட்டேன். மாடியில் மட்டும் பசைத் தளத்தைத்தான் கேட்பேன். நடுவில் டிராப் வைத்து நாலு பக்கமும் வாட்டம் எடுக்கிற அறையில் இரண்டடி டைல் இரண்டு முறைக்கும் தோதுப்படாது, வெட்டாமல் அது வளைந்து கொடுக்காது. ஒரே பக்கச் சரிவாக்கிச் சுவரோரம் நீள டிராப் வைத்தால் அதையும் போடலாம்.

பழைய டைலை உடைக்காமல் மேலேயே ஒட்டுவது பசையால் மட்டும் ஆகிற காரியம். தரை 12 முதல் 15 மி.மீ. வரைதான் உயரும், வாசற்கல் பெரும்பாலும் இடம் கொடுக்கும். தட்டிப் பார்த்து, ஆடுகிறவற்றைப் பெயர்த்துச் சரிக்கட்டி, பளபளப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு ஒட்டலாம். ஆனால் பழைய தரையில் ஒரு மூலையில் தண்ணீர் நிற்கிறதென்றால் புதிய தரையிலும் அதே மூலையில் நிற்கும். நாலு மி.மீ. பசையால் அதைத் திருத்த வழியில்லை. அங்கே உளியை எடுத்துத்தான் ஆக வேண்டும்.