ஊமைப் பெட்டி பேசிய கதை

"டெக்னிக்கலா ஏதாவது எழுதுங்க, ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்று மலர்க் குழுவினர் அன்புக் கட்டளை இட்டுவிட்டார்கள். இரண்டும் ஒன்றாக நடக்கிற காரியமா? முயன்று பார்க்கிறேன்.

இன்று ஒரு மடிக்கணினியில் லினக்ஸைப் போட்டால் அடுத்த நிமிடமே பாட்டுக் கேட்கலாம். மாணவத் தம்பி தங்கைகளுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. ஆனால் 1990களில் நம் கல்லூரியில் படித்த அண்ணன் அக்காமார்களைக் கேட்டுப் பாருங்கள். "லினக்ஸ்ல சவுண்ட் வந்துடுச்சு" என்பது அன்று விடுதி முழுக்கச் சொல்லி வரவேண்டிய செய்தி!

பழைய பி.சி.க்குத் தெரிந்த சங்கீதம் 'பீப்' ஒன்றுதான். 1987இல் கனடாவின் ஆட்லிப் நிறுவனம் யமஹாவின் சிப் ஒன்றை வைத்து இசைக்கும் அட்டையைக் கொண்டுவந்தது. 1989இல் சிங்கப்பூரில் சிம் வோங் ஹூவின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டரை வெளியிட்டது. அது ஆட்லிப் செய்ததையெல்லாம் செய்தது. பதிவு செய்த மனிதக் குரலையும் ஒலித்தது. விளையாட்டுப் பிரியர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு வந்த மற்றக் கம்பெனி அட்டைகள் எல்லாம் 'சவுண்ட் பிளாஸ்டர் கம்பாட்டிபிள்' என்று பெட்டியில் அச்சடித்துத்தான் விலை போயின.

1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, அதே நாட்டுக்காரரான ஹன்னு சவோலைனன் சவுண்ட் பிளாஸ்டருக்கு லினக்ஸ் டிரைவர் எழுதிவிட்டார். அதுதான் வளர்ந்து ஓஎஸ்எஸ் என்ற பெயர் பெற்றது. அட்டையை ஒரு ஃபைல் போலக் காட்டியதுதான் அதன் அழகு. '/டெவ்/டிஎஸ்பி' என்ற ஃபைலில் எழுதினால் சத்தம் வரும். அதிலிருந்து படித்தால் மைக் பேசும். அவ்வளவுதான்!

கேட்க எளிது. ஆனால் அட்டையைக் கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விடும். டிரைவருக்கு மூன்று எண்கள் தெரிய வேண்டும். முதலாவது போர்ட் முகவரி. அட்டையின் வீட்டு விலாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஐஆர்க்யூ, அதாவது 'வேலை முடிந்தது, அடுத்ததைக் கொடு' என்று பிராசஸரைக் கூப்பிடும் அழைப்பு மணி. மூன்றாவது டிஎம்ஏ. பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் மெமரியிலிருந்து சரக்கு இறக்கும் கொல்லைப்புற வாசல் அது. சவுண்ட் பிளாஸ்டர் 16 அட்டைக்கு வழக்கமான எண்கள் 220, 5, 1. 16 பிட் ஒலிக்கு இன்னொரு டிஎம்ஏ 5. இரண்டு அட்டைகள் ஒரே மணியை அடித்தால் குழப்பம்தான். ஐஆர்க்யூ 7 பிரிண்டர் போர்ட்டுக்கும் உரியது என்பதால், சண்டை பெரும்பாலும் அங்கேதான் வரும்.

இந்த எண்களைக் கெர்னல் கட்டமைக்கும்போதே 'மேக் கான்ஃபிக்' கேள்விகளுக்குப் பதிலாகக் கொடுத்து, 486 மிஷினில் மணிக்கணக்கில் கம்பைல் செய்ய வேண்டும். ஓர் எண் தப்பினால் மறுபடி முதலிலிருந்து. பிறகு 'பிளக் அண்ட் பிளே' அட்டைகள் வந்தன. பெயர் என்னவோ அப்படி! 2001இல் வெளிவந்த 2.4 கெர்னலுக்கு முன் ஐஎஸ்ஏ அட்டைகளை லினக்ஸ் தானாக எழுப்பாது. ஐஎஸ்ஏபிஎன்பி டூல்ஸ் என்ற தனிக் கருவியால் எழுப்பிவிட்டுத்தான் டிரைவரை ஏற்ற வேண்டும். இதை எளிதாக்க ரெட் ஹாட் நிறுவனம் 'சவுண்ட் கான்ஃபிக்' என்ற கருவியைக் கொடுத்தது. அட்டை சரியாக அமைந்தால் லினஸே தம் குரலில் 'லினக்ஸ்' என்று உச்சரித்துக் காட்டுவார். சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான குரல் ஏது?

ஓஎஸ்எஸ்ஸுக்கும் குறைகள் இருந்தன. பெரும்பாலான அட்டைகளில் ஒரு சமயத்தில் ஒரு நிரல்தான் ஒலிக்க முடியும். மேலும், முழு வசதி கொண்ட பதிப்பு விற்பனைக்கு வந்தது. கெர்னலில் இருந்த இலவசப் பதிப்பு பின்தங்கியது. 1998இல் செக் நாட்டின் யாரோஸ்லாவ் கிசேலா, கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் அட்டைக்கு எழுதிய டிரைவரிலிருந்து அல்சா என்ற புதிய அமைப்பை உருவாக்கத் தொடங்கினார். 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில் அல்சாவே முதலிடம் பிடித்தது. அதற்காக ஓஎஸ்எஸ் செத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். ஃப்ரீபிஎஸ்டி இன்றும் அந்த வழியில்தான் ஒலிக்கிறது.

அல்சாவில் ஒரு வேடிக்கை. நிறுவியதும் எல்லாச் சானல்களும் வாய்மூடி இருக்கும். திடீரென்று அலறிக் காதையும் ஸ்பீக்கரையும் கெடுக்கக்கூடாது என்ற நல்லெண்ணம்! 'அல்சாமிக்சர்' திறந்து 'எம்' விசையைத் தட்டினால்தான் வாய் திறக்கும். டிரைவர் சரியாக ஏறியிருந்தும் இது தெரியாமல் லினக்ஸையே அழித்தவர்கள் உண்டு.

இதெல்லாம் பாட்டுக் கேட்கிறவர்களின் பிரச்சினை என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். 2009இல், மூன்றாம் ஆண்டு படிக்கையில், பக்கத்துக் கலைக் கல்லூரியில் பி.ஏ. படித்த பார்வையற்ற தம்பி ஒருவர் பழைய மடிக்கணினி ஒன்றுடன் வந்தார். திரையைப் படித்துக் காட்டும் வணிக மென்பொருளின் விலை அவர் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. உபுண்டுவில் ஓர்க்கா என்ற திரைபடிப்பான் இலவசம். போட்டோம். சத்தமே இல்லை. "அண்ணே, சத்தம் இல்லேன்னா உங்களுக்குப் பாட்டு இல்லை. எனக்கு ஸ்கிரீனே இல்லண்ணே" என்றார். அந்த ஒரு வார்த்தையில் சவுண்ட் டிரைவர் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது.

கோளாறு எங்கே? இன்டெல் 2004இல் கொண்டுவந்த எச்டி ஆடியோவில் எல்லா மிஷினுக்கும் டிரைவர் ஒன்றுதான். ஆனால் சிப்பின் எந்தக் காலில் ஸ்பீக்கர், எந்தக் காலில் ஹெட்ஃபோன் என்பது தயாரிப்பாளரின் இஷ்டம். பயாஸ் தரும் அட்டவணை தவறாக இருந்தால் டிரைவர் காலியான காலுக்குப் பாடிக்கொண்டிருக்கும்! அதற்காகவே கெர்னல் ஆவணத்தில் மாடல் பெயர்ப் பட்டியல் ஒன்று உண்டு. அதிலிருந்து ஒவ்வொரு பெயராக 'அல்சா-பேஸ்.கான்ஃப்' ஃபைலில் எழுதி, ரீபூட் செய்து பார்த்தோம். ஏழாவது பெயரில் ஓர்க்கா பேசியது. தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அந்தப் பட்டியல் வானத்திலிருந்து விழவில்லை. யாரோ ஒருவர் தம் மிஷினில் சத்தம் வராமல் தவித்து, சரிசெய்து, அடுத்தவருக்காக எழுதி அனுப்பியது. டகாஷி இவாய் போன்ற பராமரிப்பாளர்கள் அவற்றைக் கோத்துச் சேர்த்தார்கள். கம்பெனிகளும் சில சமயம் கதவைத் திறந்தன. கிரியேட்டிவ் 1999இல் சவுண்ட் பிளாஸ்டர் லைவ் டிரைவரின் மூலநிரலைத் திறந்துவிட்டது. மேல்தளத்தில் 2004இல் தொடங்கிய பல்ஸ்ஆடியோ, பல நிரல்களின் ஒலியைக் கலந்து கொடுத்தது. தொடக்கத்தில் திட்டும் நிறைய வாங்கியது. 2021இல் ஃபெடோரா 34, விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயருக்கு மாறியது. அடியில் வேலை செய்வது இன்றும் அல்சாவின் டிரைவர்களே.

மாணவச் செல்வங்களே! உங்கள் மிஷினில் ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை என்றால் சலித்துக்கொள்ளாதீர்கள். மூலநிரல் திறந்தே கிடக்கிறது. ஒரு வரி திருத்தம் அனுப்பினாலும் போதும்; முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு அது திரையைத் திறக்கும். நான்காண்டுப் படிப்புக்கு அதைவிடப் பெரிய பலன் வேறென்ன வேண்டும்?