கேப் சிம்: கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியும் மைக்கும் எண்களான வரலாறு

எலெக்ட்ரிக் கிட்டாரின் ஸ்பீக்கர் பெட்டியையும் அதன் முன்னால் நிறுத்திய மைக்கையும் மின்சுற்றாலோ கணினிக் கணக்காலோ போலச் செய்வது கேப் சிம். ஆம்பைப் போலச் செய்யும் டிஜிட்டல் கருவியான மாடலருக்குள் கிட்டார் ஒலி கடக்கும் கடைசிப் படிகளில் ஒன்று இது. பெடலும் ஆம்பும் எவ்வளவு நுணுக்கமாக உருவாக்கப்பட்டிருந்தாலும் இந்தப் படி சரியில்லை என்றால் எல்லாம் வீண். வடசென்னையின் இராயபுரத்திலோ எண்ணூரிலோ, பக்கத்து வீட்டோடு ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட வீட்டில் ஹெட்ஃபோன் மாட்டிப் பழகும் ஒருவருக்கு ராக் கிட்டாரின் முழு ஒலி எட்டுவது இதனால்தான்.

பெட்டியும் மைக்கும்

கிட்டார் ஸ்பீக்கர், வந்த ஒலியை அப்படியே திருப்பிக் கொடுப்பதில்லை. வழக்கமான 12 அங்குலக் காகிதக் கூம்பு ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் வேகமாகச் சரிந்துவிடும். அடிப்பக்கம் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழும் அப்படியே. நடுவில் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை தூக்கலாகப் பேசும். டிஸ்டார்ஷன் ஏற்றிய ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் நேரே மிக்சரில் விட்டால் காது கூசும் இரைச்சல்தான் மிஞ்சும். அந்த இரைச்சலை இசையாக்குவது ஸ்பீக்கரின் இந்தக் குறைபாடுகளே. 1964இல் லண்டனின் கிங்க்ஸ் குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் கூம்பையே பிளேடால் கீறிப் புது ஒலி எடுத்தார். அதே பத்தாண்டில் மார்ஷல் நிறுவனம் நான்கு செலஸ்டியன் ஸ்பீக்கர்களை ஒரே மூடிய பெட்டியில் அடுக்கியது. 35 கிலோவுக்கு மேல் கனக்கும் அந்தப் பெட்டிதான் இன்றுவரை மிக அதிகமாகப் போலச் செய்யப்படுவது.

மைக் பக்கத்தில் அந்த இடம் ஷூர் எஸ்எம்57க்கு. 1965இல் வந்த இந்த டைனமிக் மைக்கைக் கிட்டார் பெட்டியின் முன் வைக்காத ஒலிப்பதிவுக் கூடம் அரிது. வைக்கும் இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கூம்பின் நடுக்குமிழுக்கு நேராக வைத்தால் ஒலி கூர்மையாக வெட்டும். குமிழின் ஓரத்துக்கு ஓர் அங்குலம் நகர்த்தினால் அந்தக் கூர் மழுங்கி உடல் கூடும். பெட்டியின் முகப்புத் துணிக்கு ஒட்ட வைத்தால் அடிநாதம் பெருகும், ஒரு சாண் பின்னால் இழுத்தால் அறையின் ஒலியும் சேர்ந்துவரும். இரண்டு மைக் என்றால் சிக்கல் இன்னும் கூடும். சென்னையின் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்கிறது. ஒரு மைக் மற்றதை விட 5 செ.மீ. பின்னால் இருந்தால் அதை ஒலி 0.14 மில்லி நொடி தாமதமாகவே அடையும். இரண்டையும் கலக்கும்போது 3,500 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் விழுகிறது. காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதி அது. சுவீடனின் ஸ்டுடியோ ஃபிரெட்மேனில் ஃபிரெட்ரிக் நார்ட்ஸ்ட்ரம் இரண்டு எஸ்எம்57களை, ஒன்றை நேராகவும் மற்றொன்றைச் சாய்வாகவும், ஒரே தூரத்தில் வைத்தார். மெட்டல் இசையில் அந்தக் கூடத்தின் பெயராலேயே அந்த முறை நிலைத்தது.

மின்சுற்றில் தொடக்கம்

பாஸ்டன் குழுவின் கிட்டார் கலைஞரும் எம்.ஐ.டி.யில் படித்த பொறியாளருமான டாம் ஷோல்ஸ் 1982இல் ராக்மேனை வெளியிட்டார். இடுப்பில் மாட்டக்கூடிய சிறு பெட்டி. உள்ளே டிஸ்டார்ஷன், கோரஸ், எக்கோ, அவற்றோடு ஸ்பீக்கர் பெட்டியின் வளைவை ஒத்த வடிகட்டி. 1987இல் வந்த டெஃப் லெப்பர்டின் 'ஹிஸ்டீரியா' தொகுப்பில் கிட்டார்களின் பெரும்பகுதி இதன் வழியாகப் பதிவானது. 1989இல் ஆண்ட்ரூ பார்ட்டாவின் சான்ஸ்ஆம்பும், அதையொட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியின் ஹ்யூஸ் அண்ட் கெட்னர் ரெட் பாக்ஸும் வந்தன. சில வடிகட்டிகளைக் கொண்டு ஒரு பெட்டியின் நூற்றுக்கணக்கான ஏற்ற இறக்கங்களைத் தோராயமாக வரைந்தவை இவை. தோராயம்தான், ஆனால் மேடையில் கைவிடாதவை.

எண்களுக்கு மாறியது 1995இல். ரோலண்டின் விஜி-8 கருவியில் ஆம்ப், ஸ்பீக்கர், மைக் நிலை மூன்றையும் வாசிப்பவரே தேர்ந்தெடுக்கலாம். 1998இல் லைன் 6 நிறுவனம் புரோ டூல்ஸுக்கு ஆம்ப் ஃபார்ம் மென்பொருளையும், அவரைவிதை வடிவச் சிவப்புப் பெட்டியான பாட் கருவியையும் கொண்டுவந்தது. 2002இன் பாட்-எக்ஸ்டியில் ஒவ்வொரு பெட்டிக்கும் நான்கு மைக் தேர்வுகள்; அவற்றில் இரண்டு ஒரே எஸ்எம்57தான், நேராக ஒன்று, சாய்வாக ஒன்று. மைக்கின் கோணமும் ஒலியின் பகுதிதான் என்பதை வீட்டில் வாசித்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்த கருவி என்று இதைச் சொல்வேன்.

இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்

வெறும் மண்டபத்தில் ஒரு முறை கை தட்டினால் திரும்பி வரும் ஓசையில் அந்த மண்டபத்தின் குணம் முழுவதும் இருக்கும். கிட்டார் பெட்டிக்கும் இதைச் செய்யலாம். மிகக் குறுகிய ஓர் ஒலித்துடிப்பை அதற்குள் அனுப்பி, மைக் பிடித்த பதிலைப் பதிவு செய்தால் கிடைப்பது இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், சுருக்கமாக ஐஆர். பிறகு எந்தக் கிட்டார் ஒலியையும் அதோடு கன்வல்யூஷன் என்னும் கணக்கால் பெருக்கிக் கூட்டினால், அது அந்தப் பெட்டி வழியாக அந்த மைக்கில் விழுந்தது போலவே கேட்கும்.

கணக்கின் சுமைதான் பல காலம் தடையாக இருந்தது. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வேகத்தில் 2,048 மாதிரி நீளமுள்ள, அதாவது 43 மில்லி நொடி ஐஆரை நேரடியாகக் கணக்கிட்டால் நொடிக்கு ஏறத்தாழ 10 கோடிப் பெருக்கல்கள். மொத்தமாகச் சேர்த்துக் கணக்கிட்டால் சுமை குறையும், ஆனால் ஒலி தாமதமாகும். தாமதமானால் கிட்டார் வாசிக்க முடியாது. தாமதம் இல்லாமலே சுமையைக் குறைக்கும் வழியை 1995இல் வில்லியம் கார்ட்னர் வெளியிட்டார். அளக்கும் முறைக்கு முக்கியமான திருத்தம் தந்தவர் இத்தாலியின் ஆஞ்செலோ ஃபரீனா. கீழ்ச்சுருதியிலிருந்து மேல்நோக்கி வழுக்கிச் செல்லும் ஸ்வீப் ஒலியை ஸ்பீக்கருக்குக் கொடுத்து, பதிவானதிலிருந்து ஐஆரைக் கணக்கால் பிரித்தெடுக்கும் முறையை 2000இல் விளக்கினார். ஸ்பீக்கரின் டிஸ்டார்ஷன் தனியாகப் பிரிந்து முன்னால் போய்விடும், வேண்டிய பதில் மட்டும் சுத்தமாக நிற்கும்.

துறைமுகச் சாலைகளை ஒட்டிய பகுதியில் ஐஆர் எடுக்க நினைப்பவருக்கு இந்த முறை வரம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் உறுமல் ஓய்வதே இல்லை. ஒரே ஒரு குறுகிய ஒலித்துடிப்பைக் கொண்டு அளந்தால் அந்த உறுமல் பதிலோடு கலந்துவிடும். ஸ்வீப் பல நொடிகளுக்கு நீள்வதால் அதன் ஆற்றல் சேர்ந்து, சீரான இரைச்சல் வெகுவாக அமுங்கிப் போகும். ஆனால் ஸ்வீப் ஓடும்போது கதவு ஒன்று சாத்தப்பட்டாலோ லாரி ஒரு முறை ஹாரன் அடித்தாலோ அந்தப் பதிவைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அந்தத் திடீர் ஓசை ஐஆருக்குள் தலைகீழாக வழுக்கி இறங்கும் ஒரு கீச்சாக மாறி உட்கார்ந்துகொள்ளும். பின்னிரவில், ஒரே இடத்தில் மைக்கை அசைக்காமல் பல முறை எடுத்து நல்லதைத் தேர்வதே வழி.

2006இல் வந்த ஃப்ராக்டல் ஆடியோவின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் ஐஆரை மேடைக் கருவிக்குள் கொண்டுவந்தது. பிரான்சின் டூ நோட்ஸ் நிறுவனம் டார்ப்பிடோ கருவிகளில் திரையில் மைக்கை இழுத்து நகர்த்தும் வசதியைத் தந்தது. பல இடங்களில் எடுத்த ஐஆர்களுக்கு இடையே நகர்ந்து செல்லும் ஏற்பாடு அது. ஜெர்மனியின் கெம்பர் புரொஃபைலர் ஆம்ப், பெட்டி, மைக் மூன்றையும் சேர்த்தே படம்பிடித்தது. 2017இல் ஸ்பீக்கர் செய்யும் செலஸ்டியனே தன் ஸ்பீக்கர்களின் ஐஆர்களை விற்கத் தொடங்கியது. அதுவரை பிறர் விற்றுக்கொண்டிருந்த கோப்புகளுக்கு இப்படி ஓர் அதிகாரபூர்வ அங்கீகாரம் கிடைத்தது. 2015இல் வந்த லைன் 6 ஹீலிக்ஸுக்கு 2022இல் பெட்டிப் பகுதி முழுதும் புதிதாக எழுதப்பட்டது. இப்போது நரம்பு வலைப்பின்னல் கொண்ட கருவிகளும் இலவச மென்பொருள்களும் ஆம்பின் நடத்தையைக் கற்றுக்கொள்கின்றன; பெட்டிக்கு இன்னும் பெரும்பாலும் ஐஆர்தான்.

எல்லைகள்

ஐஆர் ஒரு கணத்தின் பதிவு. மெதுவாக வாசித்தாலும் ஓங்கி வாசித்தாலும் அது மாறுவதில்லை. உண்மையான கூம்போ சத்தம் ஏற ஏற நெளியும், சூடேறும், கொஞ்சம் அமுங்கும். ஆம்பும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று பாதிப்பதையும் ஐஆர் தனியாகக் காட்டாது, மாடலர்கள் அதை ஆம்ப் பகுதியில் சேர்த்துக்கொள்கின்றன. 'அறையில் நிற்கும் ஆம்ப் மாதிரி இல்லை' என்ற பழைய புகாருக்குக் காரணம் வேறு. மாடலர் போலச் செய்வது பெட்டியை அல்ல, ஒரு மைக் ஓர் அங்குல தூரத்திலிருந்து கேட்ட பெட்டியை. ஒலிப்பதிவில் நாம் வாழ்நாள் முழுதும் கேட்டது அதைத்தான். அறையில் கேட்டதை அல்ல.

வடசென்னையில்

இராயபுரம், பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும், தேவாலயப் பாடகர் குழுக்களும் கிட்டாரை இந்தப் பகுதிக்குப் பழக்கமாக்கியவை. பெரிய ஆம்புக்குத்தான் இங்கே இடமில்லை. இறக்குமதிச் செலவு ஒரு பக்கம். கடலோர ஈரப்பதம் காகிதக் கூம்பையும் உலோகப் பாகங்களையும் விடாமல் தின்பது மறுபக்கம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல், இரவில் 45. 100 வாட் வால்வு ஆம்பை அதன் உண்மையான குரலில் இங்கே திறக்கவே முடியாது.

2018 ஜனவரியில் முதல் கச்சேரி நடத்திய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒரே மேடையில் நிறுத்தியது. இசையமைப்பாளர் தென்மா அமைத்த அக்குழுவில் இராயபுரத்தில் வளர்ந்த கானா பாடகி இசைவாணியும் பாடினார். பறை, சட்டி, டோலக்கு எல்லாம் முழங்கும்போது கிட்டாருக்குக் கிடைப்பது ஒரு குறுகிய சந்துதான். அங்கே கேப் சிம்மின் வேலை அழகு சேர்ப்பது அல்ல, ஒதுங்குவது: 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிப் பறையின் அடிக்கு வழிவிட வேண்டும், பாடகரின் சொற்கள் தெளியும் 3,000 ஹெர்ட்ஸ் பகுதியில் மைக்கைக் குமிழின் ஓரத்துக்கு நகர்த்தித் தணிந்துகொள்ள வேண்டும்.

விற்பனையில் உள்ள ஐஆர் தொகுப்புகளில் பெரும்பங்கு ஆங்கிலேய, அமெரிக்கப் பெட்டிகள். அதில் தவறில்லை. ஆனால் நம் தெருக்களின் செவிப்பழக்கம் வேறு. திருவிழாக் கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர், சவுண்ட் சர்வீஸ்காரர்கள் தாங்களே ஒட்டுப்பலகையில் அறுத்துச் செய்யும் பெட்டிகள், கல்யாண மண்டபத்து மூலை ஸ்பீக்கர்கள் ஆகியவற்றின் ஒலி இங்குள்ளவர்களுக்கு மார்ஷலை விட நெருக்கமானது. ஃபரீனாவின் முறை அவற்றுக்கும் அப்படியே பொருந்தும். தேவை ஒரு எஸ்எம்57, ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மடிக்கணினி, லாரி குறையும் நேரம். 200 மில்லி நொடி நீளமுள்ள 24 பிட் பதிவின் அளவு 29 கிலோபைட்தான். குழாய் ஸ்பீக்கரின் ஐஆரில் அடிநாதம் அறவே இருக்காது, உச்சமும் வெட்டுப்பட்டிருக்கும். எனவே அதை மட்டும் நம்பாமல் 12 அங்குலப் பெட்டி ஒன்றின் ஐஆரோடு கலந்து, இரண்டின் தொடக்கமும் ஒரே நேரப்புள்ளியில் அமையும்படி ஒழுங்குபடுத்திக்கொண்டு வாசிப்பது நல்லது.