ஏற்பாட்டு எதிர்காலமும் காலவழுவமைதியும்

ஆங்கில எதிர்காலத்தைப் பற்றிய பள்ளி விதிக்கு வித்திட்டவர் கணித அறிஞர் ஜான் வாலிஸ். 1653இல் இலத்தீனில் வெளிவந்த அவரது ஆங்கில இலக்கணம், தன்மையிடத்து 'ஷேல்' முன்னறிவிப்பையும் 'வில்' வாக்குறுதி அல்லது அச்சுறுத்தலையும் உணர்த்தும் என்றும், ஏனைய இடங்களில் இது தலைகீழாகும் என்றும் கூறிற்று. லிண்ட்லி மர்ரேயின் இலக்கணம் (1795) வழியாக இதையொத்த விதி வகுப்பறைகளில் வேரூன்றியது.

பேச்சு வழக்கு இவ்விதிக்குள் அடங்கவில்லை. மருத்துவரிடம் நேரம் குறித்துக்கொண்டவர் 'ஐ ஆம் சீயிங் த டாக்டர் டுமாரோ' என்கிறார். வடிவம் நிகழ்காலத் தொடர்வினை. பொருளோ முடிவாகிவிட்ட ஏற்பாடு. இதனைச் 'சந்தித்துக்கொண்டிருக்கிறேன்' எனப் பெயர்ப்பது பிழை. 'சந்திப்பேன்' என்பது பிழையன்று. ஆயினும் ஏற்பாடு மறைந்து, உறுதிமொழியோ ஊகமோ முன்னிற்கிறது. 'நாளை மருத்துவரைப் பார்க்கிறேன்' என்பதே தமிழ் வழக்கு. கால அட்டவணைக்கு மட்டும் இரு மொழிகளும் பிரிகின்றன: ஆங்கிலம் நிகழ்காலத்தை ஆள, தமிழ் 'வண்டி ஆறு மணிக்குப் புறப்படும்' என வழக்கத்தையும் உணர்த்தும் 'உம்' ஈற்றை ஆள்கிறது.

வடிவமும் காலமும் ஒத்துச் செல்ல வேண்டியதில்லை என்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பிய வினையியல், எதிர்கால வினை இறந்தகாலத்தாலும் நிகழ்காலத்தாலும் வருவதற்கு இயற்கை, தெளிவு என்பவற்றைக் காரணமாக்குகிறது. எறும்பு முட்டை சுமந்து மேடேறக் கண்டவன், பெய்யாத மழையைப் 'பெய்தது' என்பான் என்று சேனாவரையர் விளக்குவார். கங்கர் மரபினனான சீயகங்கன் வேண்டுகோளால் பவணந்தி இயற்றிய நன்னூல், விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என நான்கு காரணங்களை ஒரே நூற்பாவில் தொகுத்தது. இவற்றுள் ஏற்பாட்டுக் கூற்றுக்கு நெருங்கியது தெளிவு. எனினும் இரண்டும் ஒன்றல்ல. எறும்பு தரும் தெளிவு அறிகுறியால் வருவது. மருத்துவரிடம் குறித்த நேரம் மனித உடன்பாட்டால் வருவது. மழையோடு எவரும் உடன்பாடு செய்துகொள்வதில்லையாதலின் இன்றைய தமிழில் 'நாளை மழை பெய்கிறது' என்பது பொருந்தாது. 'பெய்யும்' என்றே வரும்.

கன்னடம் இவ்வேறுபாட்டை வடிவத்தில் காட்டுவதில்லை. மைசூர்ப் பேச்சில் 'நாளெ பருத்தீனி', 'நாளெ மளெ பருத்தெ' ஆகிய இரண்டுக்கும் ஒரே வாய்பாடு. 1970 முதல் மைசூரில் தமிழ் உள்ளிட்ட தென்மொழிகளைப் பயிற்றிவரும் தென்மண்டல மொழி மையம் போன்ற இடங்களில், கன்னடம் தாய்மொழியாகக் கொண்டவர் 'நாளை வருகிறேன்' எனப் பிழையின்றிச் சொல்லிவிட்டு, அடுத்த தொடரிலேயே 'நாளை மழை வருகிறது' எனத் தடுமாற இடமுண்டு. முதல் தொடர் சரியாக அமைந்துவிடுவதால் இரண்டாவதன் பிழை எளிதில் புலப்படாது.