ஹைதர் அலி: பாராமகாலில் ஒரு தளபதியின் எழுச்சி

ஹைதர் அலி (சுமார் 1720–1782) மைசூர் உடையார்களின் படையில் பணியாற்றி, பிறகு அந்த அரசையே தன் கைக்குள் கொண்டுவந்த தளபதி. கோலார் பக்கத்துப் பூதிக்கோட்டையில் பிறந்தவர். அவருடைய உயர்வுக்குத் துரோகமே காரணம் என்று சிலரும் வீரமே காரணம் என்று சிலரும் எழுதியிருக்கிறார்கள். இரண்டுக்கும் இடமுண்டு. ஆனால் சிப்பாய்க்குக் கொடுக்கச் சம்பளம் இல்லாதபோது இரண்டுமே பலிக்காது என்பதை அவர் மற்றவர்களுக்கு முன்பே புரிந்துகொண்டார். 1755இல் திண்டுக்கல் பௌஜ்தாரானதும் பிரெஞ்சுக் கைவினைஞர்களை வைத்து ஆயுதச்சாலை அமைத்தார். கணக்குக்குக் கண்டே ராவை அமர்த்தினார். 1758இல் சம்பளப் பாக்கி கேட்டு மைசூர்ப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் முரண்டு பிடித்தபோது, பாக்கியைத் தீர்த்துப் படையை அடக்கியவர் ஹைதர்தான். அந்தத் தொல்லையிலிருந்து மீண்ட தளவாய் நஞ்சராஜன் அதிகாரத்தை இழக்க அதிக நாள் ஆகவில்லை.

இந்தக் கணக்கு கண்கூடாகத் தெரிவது பாராமகாலில். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பகுதிகள் அடங்கிய அந்தச் சீமை, மைசூர் மேட்டுநிலத்துக்கும் கர்நாடகச் சமவெளிக்கும் இடைப்பட்ட படிக்கட்டு. 1760இல் ஹைதரின் மைத்துனர் மக்தூம் அலி அதைக் கைப்பற்றிவிட்டு, பிரெஞ்சுக்காரருக்கு உதவப் புதுச்சேரிக்குப் போனார். படை தொலைவில் இருந்த அந்த வேளையில் கண்டே ராவ் மராட்டியரைச் சேர்த்துக்கொண்டு எஜமானுக்கு எதிராகத் திரும்பினார். ஹைதர் பெங்களூருக்குத் தப்பினார். திரும்பிவந்த மக்தூமை மராட்டியர் அஞ்செட்டி அருகே வளைத்துக்கொண்டனர். பாராமகாலையும் பணத்தையும் தருவதாகச் சொல்லி மராட்டியரை விலக்கிய ஹைதர், 1761இல் கண்டே ராவை வென்றார். நிலத்தை மானத்தோடு சேர்த்துப் பார்த்தவர் இப்படிப் பேரம் பேசியிருக்க மாட்டார்.

அரசனுக்கு இழைத்தது துரோகம்தானே என்று கேட்கலாம். ஆனால் உடையார் அதற்கு முன்பே தளவாய்களின் பிடியில் இருந்தவர். ஹைதரும் உடையாரை அரியணையிலிருந்து இறக்கவில்லை. கவாலாவில் பிறந்த அல்பேனியரான முகமது அலி, உதுமானியப் படையோடு எகிப்துக்குச் சென்று 1805இல் ஆளுநரானவர். சுல்தானின் பெயரை நீக்காமல் நாட்டை எடுத்துக்கொண்ட அவரும் இதே வகையினர்.

வருவாய் அல்ல, குதிரைப்படையின் வேகமே வென்றது என்பது இன்னொரு மறுப்பு. இதில் வலு இருக்கிறது. 1768 தொடக்கத்தில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் வுட் மொரப்பூருக்கு அருகிலுள்ள தென்கரைக்கோட்டையையும், அடுத்துத் தருமபுரி, சேலம், நாமக்கல் கோட்டைகளையும் பிடித்து, ஒவ்வொன்றிலும் சிறு காவல்படையை விட்டுச் சென்றார். ஆண்டு முடிவதற்குள் மலையிறங்கிய ஹைதர், சிதறிக் கிடந்த அந்தக் காவல்களைச் சில வாரங்களில் ஒன்றன்பின் ஒன்றாக மீட்டார். வேகம் இல்லாமல் இது நடந்திராது. ஆனால் அந்தக் குதிரைகளுக்குத் தீனியும் வீரர்களுக்குக் கூலியும் வருவாயிலிருந்துதான் வந்தன. கம்பெனியிடம் கோட்டைகள் இருந்தன. சுற்றியிருந்த ஊர்கள் அதன் கைக்கு வந்திருக்கவில்லை. 1769 ஏப்ரலில், சென்னையின் வாசலில் நின்றபடி ஹைதர் கம்பெனியை உடன்படிக்கை எழுதவைத்தார்.

1782 டிசம்பரில், இரண்டாம் மைசூர்ப் போர் நடந்துகொண்டிருக்கையில், சித்தூர் அருகே பாசறையில் இறந்தார். பத்தாண்டுகள் கழித்து, 1792 உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனிக்குப் போனது. அதை நிர்வகிக்கக் கம்பெனியும் ஒரு படையதிகாரியையே அனுப்பியது. அவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். வந்ததும் நில அளவையைத் தொடங்கினார்.