மின்தேக்கியில் மீளும் மின்னூட்டம்: லைடன் சாடி முதல் பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் வரை

வேலூர், வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத் தோல் பதனிடும் ஆலைகளில் ‘டிரம்’ எனப்படும் பெரிய உருளைகளைத் தூண்டல் மோட்டார்கள் சுழற்றுகின்றன. வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28இல் வழங்கிய தீர்ப்பு, ஆலைகளுக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பைக் கட்டாயமாக்கியது. சுத்திகரிப்பு நிலையங்களின் பம்புகளும் காற்றூதிகளும் மோட்டார்களாலேயே இயங்குவன. மோட்டார்களால் தாழும் திறன் காரணியை உயர்த்த மின்தேக்கிகள் இணைக்கப்படுகின்றன.

‘மின்தேக்கி’ என்னும் கலைச்சொல் ஏரியை நினைவூட்டுகிறது. மதகைத் திறந்தால் தேங்கியது முழுதும் வடிந்துவிடும் என்ற எண்ணத்தையும் உடன் தருகிறது. அறிவியல் வரலாறு இவ்வெண்ணத்தைத் திருத்துகிறது.

1745இல் கிளைஸ்டும் 1746இல் லைடன் நகரின் முஷென்புரூக்கும் கண்ணாடிச் சாடியில் மின்னூட்டத்தைச் சேமித்தனர். முனைகளை இணைத்து மின்னிறக்கம் செய்த சாடி, சற்றுநேரம் கழித்து மீண்டும் சிறு பொறி தந்தது. 1837இல் ஃபாரடே, தகடுகளுக்கு இடைப்பட்ட மின்கடத்தாப் பொருளின் தன்மையே சேமிப்பின் அளவை மாற்றுகிறது என்று நிறுவினார். இவ்வெச்ச மின்னூட்டத்தைக் கோல்ராஷ் 1854இல் ஆராய்ந்தார். தனித்தனியே இவ்வியல்பு இல்லாத பொருள்களும் அடுக்குகளாகச் சேரும்போது அதைப் பெறக்கூடும் என்று மாக்ஸ்வெல் 1873இல் விளக்கினார். 1876–77இல் ஹாப்கின்சன் கண்ணாடி வகைகளில் இதனை அளந்தார்.

மின்புலத்தில் பொருளின் எலக்ட்ரான்கள் உடனே இடம்பெயர்கின்றன. மூலக்கூறுகளின் திரும்பலும் அடுக்கெல்லைகளில் மின்னூட்டம் சேர்தலும் மெதுவாக நிகழ்கின்றன. சிறுபொழுது முனைகளை இணைத்தால் விரைந்த பகுதி மட்டுமே மறைகிறது. மெதுவான பகுதி தளரத் தளர, அது தகடுகளில் பிணைத்திருந்த மின்னூட்டம் விடுபட, மின்னழுத்தம் மீண்டும் எழுகிறது. நீரோட்டம் நின்றபின் பாலாற்று மணலைத் தோண்டினால் ஊற்று சுரப்பதே இதற்கு ஏற்ற உவமை.

ஆகவே இரண்டைப் பிரித்தறிதல் வேண்டும். மின்னிறக்கமே நிகழாததால் தங்கியிருப்பது ஒன்று. மின்னிறக்கத்துக்குப் பின் பொருளினின்று மீள்வது மற்றொன்று. பழைய எண்ணெய்த்தாள் மின்தேக்கிகளில் பின்னது மிகுதி. இன்றைய பாலிபுரொப்பிலீன் படல வகையில் மிகக் குறைவு. முன்னது எவ்வகையிலும் உயிருக்கு இடரானது. 1000 வோல்ட் வரையிலான, தாமே பழுது நீக்கிக்கொள்ளும் இணை மின்தேக்கிகளில் மின்னழுத்தம் 3 நிமிடங்களுக்குள் 75 வோல்ட் அளவுக்குத் தாழ வேண்டும் என்பது பன்னாட்டுத் தரவிதி. நிலையாக இணைக்கப்பட்ட மின்தடை இதனைச் செய்வதோடு மீளும் மின்னூட்டத்தையும் வடிக்கிறது. அது அறுந்துபோனால் இரண்டும் காக்கப்படாமல் நிற்கும்.

எனவே மின்னிணைப்பைத் துண்டித்துக் காத்திருந்து, அளந்து பார்த்து, பணி முடியும்வரை முனைகளை இணைத்தே வைத்திருத்தல் வேண்டும். சாடியின் இரண்டாம் பொறி உணர்த்திய இப்பாடம், ஏரி உவமையோடு ஊற்று உவமையையும் சேர்த்துத் தமிழ்த் தொழிற்கல்வி நூல்களில் இடம்பெறுதல் தகும்.